டை கட்டிய நோயாளி

என் வீட்டுக்காரர் மெடிக்கல் ரெப். டாக்டர்களைப் போய்ப் பார்த்து, தன் கம்பெனி மருந்தின் பெருமையைச் சொல்லி, எழுதிக்கொடுங்கள் என்று கேட்கிற வேலை. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் "என்ன மருந்து?" என்று அடுத்த கேள்வி வரும் பாருங்கள், அங்கேதான் வம்பு. மழுப்பிப் பார்ப்பேன். அப்படியும் தோண்டுகிற ஆட்களிடம், "ஆண்மைக் குறைவுக்கு. உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, சாம்பிள் கொண்டுவரச் சொல்றேன்" என்று நேராகச் சொல்லிவிடுவேன். அப்புறம் அவர்கள் அந்த விசேஷம் முடிகிறவரை என் பக்கமே வர மாட்டார்கள்.

எனக்கு வாய் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டுமே. நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்டியரிங் அவர்கள் கையில், என் காலடியில் ஒரு பிரேக், அவ்வளவுதான் எனக்கும் எமனுக்கும் நடுவில். அந்த வேலையில் இருப்பவளுக்கு வாய் குட்டையாக இருந்தால் நாள் தாங்காது.

இவருக்கோ பேச்சுதான் பிழைப்பு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில் புது ரெப்களுக்கு வகுப்பு எடுப்பார். நான் அடுக்களையில் இருந்தபடியே கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

"முன்னாடி இதுக்கு மருந்தே இல்ல, நம்பிக்கைதான் இருந்துச்சு" என்று ஆரம்பிப்பார். "கழிப்பறைச் சுவத்துல நோட்டீஸ். லேகியம், எண்ணெய், பொடி. ஒரு காலத்துல, குரங்கோட சுரப்பியைச் சீவி மனுஷனுக்கு வெச்சுத் தெச்ச டாக்டர்கூட இருந்தாரு. பணக்காரங்க தேடித் தேடிப் போனாங்க. குரங்கை யாரும் ஒரு வார்த்தை கேக்கல."

பையன்கள் சிரிப்பார்கள். இவர் தொடர்வார். "அப்புறம் நெஞ்சு வலிக்குன்னு ஒரு மாத்திரையைச் சோதிச்சுப் பாத்தாங்க. நெஞ்சுக்குப் பெருசா ஒண்ணும் ஆகல. ஆனா சோதனைக்கு வந்த ஆம்பளைங்க, வேற என்னமோ நடக்குதுன்னு நெளிஞ்சுக்கிட்டே சொன்னாங்க. மிச்சத்தைத் திருப்பிக் கேட்டா குடுக்க மனசு வரலைன்னும் ஒரு பேச்சு உண்டு. சரி, மருந்து கெடைச்சாச்சு. யாரு வாயைத் திறந்து கேக்குறது? பழைய பேரு ஆளையே திட்டுற மாதிரி இருந்துச்சு. டாக்டருங்க பேரை மாத்துனாங்க. கம்பெனிங்க அந்தப் புதுப் பேரை ஊர் ஊரா கொண்டுபோச்சு. 'ஈடி'ன்னு ரெண்டே எழுத்து. பிபி மாதிரி. பிபி இருக்குன்னு சொல்ல யாருக்கு வெக்கம்? நாம விக்கிறது மாத்திரை இல்ல தம்பிங்களா. பேச்சு. நோயாளி டாக்டர்கிட்ட பேசணும், டாக்டர் நோயாளிகிட்ட கேக்கணும். பேசிட்டா மாத்திரை தானா போகும்."

இவர் கம்பெனி விளம்பரத்திலும் அதே கதைதான். ஏரிக்கரையில் ஒரு பெஞ்சு. ஒரு ஆணும் பெண்ணும் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். கீழே ஒரே சொல்: பேசுங்கள். நான் முதல் தடவை பார்த்தபோதே, "இவங்க ரெண்டு பேரும் பேசுற மாதிரி தெரியலையே. மீன் பிடிக்க வந்துட்டு ஒண்ணும் மாட்டாம உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றேன். இவருக்குக் கோபம் வந்தது.

கடைசியில் ஒரு எச்சரிக்கையும் சொல்வார். அதை மட்டும் குரலை இறக்கிச் சொல்வார். "டாக்டர் நெஞ்சைச் சோதிக்காம யாரும் இதைத் தொடக்கூடாது. கீழே வர்ற கோளாறு சில சமயம் மேலேயிருந்து வர்ற நோட்டீஸு. சர்க்கரையா இருக்கலாம், இதயமா இருக்கலாம். மறந்துடாதீங்க."

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தக் கதைதான் எங்கள் வீட்டில் நடந்தது.

எங்கள் மகள் படிக்க விடுதிக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. நான் அதில் ஒரு சந்தோஷமும் பார்த்தேன், மறைப்பானேன். இத்தனை வருஷம் கழித்து நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஆனால் இவர் கொஞ்ச நாளில் ஹால் சோபாவுக்குக் குடிபோய்விட்டார். கேட்டால், "ரிப்போர்ட் எழுதணும், லைட் போட்டா உனக்குத் தூக்கம் கெடும்" என்றார். ரிப்போர்ட் முடிந்த நாளில் முதுகுவலி வந்தது. முதுகுவலி போனதும் குறட்டை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். கை பட்டால் மின்சாரம் தொட்டதுபோல் இழுத்துக்கொண்டார்.

நீங்கள் நினைப்பது புரிகிறது. இவ்வளவு விவரம் தெரிந்தவளுக்கு அது ஏன் தோன்றவில்லை? தோன்றியது. தோன்றிய வேகத்தில் தள்ளிவிட்டேன். அலமாரி நிறைய அந்த மாத்திரையை அடுக்கி வைத்திருக்கிற மனுஷனுக்கு அந்தக் குறை இருந்தால் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள மாட்டாரா? ஆகவே குறை அவரிடம் இல்லை, என்னிடம்தான் என்று கணக்குப் போட்டேன். கண்ணாடி முன்னால் போய் நின்றேன். இடுப்பு பெருத்துவிட்டது. கழுத்தில் கோடு. நாள் முழுக்க வெயிலில் கார் ஓட்டி ஒரு கை மட்டும் கறுத்துப் போயிருந்தது.

அப்புறம் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். புதிதாக ஒரு நைட்டி வாங்கினேன். மயில் நிறம். தலைக்குச் சாயம் பூசி, அதைப் போட்டுக்கொண்டு ஹாலில் போய் நின்றேன். இவர் தலையைத் தூக்கினார். என்னைத் தாண்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்றார். கடிகாரம் நன்றாகத்தான் இருந்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபக்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு அழுகை வந்தால் யாரிடம் சொல்வது? அம்மாவிடமா? மகளிடமா?

இவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் "ஆமா, உன்மேல ஆசை போயிடுச்சு" என்று சொல்லிவிட்டால்? அந்தப் பதிலைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

அந்தச் சமயம் பார்த்து ஸ்கூல் முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறாராம், நான் போய் நடத்த வேண்டுமாம். மேலே வீடு, கீழே அலுவலகம். "திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்கம்மா. நீங்க போகலேன்னா வேற ஆள் பாக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். என் மனசுக்குள் ஒரே ஒரு வேண்டுதல். 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்.

இவர் டையைக் கழற்றிக்கொண்டே, "உனக்கு நல்லதுன்னா போயிட்டு வா" என்றார்.

சரி, முடிந்தது கதை என்று பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அப்போது இவர் தொழில் கொடிகட்டிப் பறந்தது. வட்டாரத்திலேயே இவர் பகுதியில்தான் மாத்திரை அதிகம் ஓடியது. இவர் மேனேஜருக்கு நான் வைத்த பெயர் 'டார்கெட்டு'. மனுஷன் தூக்கத்திலும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார். அந்த டார்கெட்டு வீடு தேடி வந்து என்னிடம், "மேடம், உங்க வீட்டுக்காரர் புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காரு. டாக்டருங்க அசந்துபோறாங்க. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல மேடையில செஞ்சு காட்டப் போறாரு. குடும்பத்தோட வரணும்" என்றார். இவர் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வந்தவர்போல் நின்றிருந்தார். பாராட்டு கேட்டு முகம் இருண்டு போகிற மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை என்னிடம் கார் கற்றுக்கொள்ள வந்தவர் சர்க்கரை டாக்டர். டிரைவர் வேலையை விட்டுப் போனதால் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஸ்டியரிங் பிடிக்க வந்தவர். நல்ல மனுஷர், கைராசிக்காரர் என்று பெயர். ஆனால் கிளட்சை மிதிக்கச் சொன்னால் கதை சொல்வார். நான் யாருடைய மனைவி என்று அவருக்குத் தெரியாது. என்னிடம் மட்டும் கொஞ்சம் பயம் உண்டு.

"மூணாவது கியர் போடுங்க டாக்டர். ரோட்டைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க."

"போட்டாச்சும்மா, போட்டாச்சு. நேத்து ஒரு கூத்து. சொன்னா தப்பா நெனைக்காதீங்க. டாக்டர் வேலையில இதெல்லாம் சகஜம். ஒரு ரெப் வர்றான். எப்பவும் டையோடதான் இருப்பான். அந்த மாதிரி மாத்திரை விக்கிறவன். நோயாளிங்க எல்லாம் போனப்புறம் ரெப்புங்களுக்கு ரெண்டு நிமிஷம் குடுப்பேன். வந்தான், உக்காந்தான், பையைத் திறக்கவே இல்ல. 'டாக்டர், எனக்கே இந்தப் பிரச்சனை ஒரு வருஷமா இருக்கு'ங்கறான்."

"இடதுபக்கம் சைக்கிள். ஒதுங்குங்க."

"ஒதுங்கிட்டேன். நான் சிரிச்சுட்டேன். பின்ன? போன மாசமும், அதுக்கு முந்தின மாசமும் இதையே வந்து சொன்னான். எங்க டாக்டர் கிளப்புல கேட்டா, இருதய டாக்டர்கிட்டயும் போய் இதையேதான் சொல்லியிருக்கான். புது விளம்பர உத்தி! ஆனா ஒண்ணும்மா, நடிப்புன்னா அது நடிப்பு. அவன் நெளியுறதப் பாத்தப்புறம்தான், நம்ம நோயாளிங்களும் இப்படித்தான் நெளியுறாங்க, நமக்குத்தான் புரியலன்னு எனக்கே உறைச்சுது. இப்ப நானே எல்லாரையும் கேக்குறேன். நிறையப் பேருக்கு எழுதிக் குடுக்குறேன்."

என் கை சும்மா இருந்தது. கால் மட்டும் பிரேக்கின் மேல் தயாராக இருந்தது, தொழில் பழக்கம்.

"நேத்து என்ன சொன்னான் தெரியுமா? 'என் பொண்டாட்டி மயில் கலர்ல புது நைட்டி போட்டுட்டு வந்து நின்னா டாக்டர். அவ முகத்தைப் பாக்க முடியாம கடிகாரத்தைப் பாத்து நல்லாயிருக்குன்னு சொல்லிட்டேன்'கறான். கண்ணுல தண்ணி! என்ன ஒரு கற்பனை பாருங்க. கடிகாரமாம்!"

நான் பிரேக்கை மிதித்தேன். கார் நடு ரோட்டில் குத்திட்டு நின்றது. டாக்டரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

"என்னம்மா? என்ன தப்பு பண்ணேன்?"

"நீங்க பண்ணது ஒண்ணா ரெண்டா டாக்டர்" என்றேன். "ஓரமா நிறுத்துங்க. இன்னிக்கு இது போதும்."

டாக்டரை அவர் கிளினிக்கில் இறக்கிவிட்டு, காரை ஒரு மரத்தடியில் நிறுத்தி உட்கார்ந்தேன். முதலில் வந்தது நிம்மதி. அப்படி ஒரு நிம்மதி. இடுப்பும் இல்லை, கழுத்தும் இல்லை, கறுத்த கையும் இல்லை. என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை இந்த மனுஷன். சிரித்தேன்கூட. அடுத்து வந்தது பயம். இவர் அப்பா மாடிப்படியில் உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். இவருக்கும் இப்போது அதே வயசு. அலமாரி நிறைய மாத்திரை இருந்தும் இவர் ஏன் தொடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஊருக்குச் சொன்ன எச்சரிக்கையை இவர் மெய்யாகவே நம்பியிருக்கிறார். டாக்டர் பார்த்தால்தான் தொடுவேன் என்று இருந்திருக்கிறார். பார்க்கத்தான் ஒரு டாக்டரும் தயாராக இல்லை.

புலி வருது கதையில் பையன் பொய் சொன்னதால் யாரும் நம்பவில்லை. இவர் ஒரு பொய்யும் சொல்லவில்லையே. டையைக் கட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, ரெப் நேரத்தில் போய்ப் பேசினார், அவ்வளவுதான். டோக்கன் வாங்கி நோயாளிகளோடு உட்கார்ந்தால் மற்ற ரெப்கள் பார்த்துவிடுவார்கள் என்று வெட்கம். அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன சொன்னாலும் அது விற்பனைதான். 'என் வீடு பத்திக்கிச்சு' என்று சொன்னாலும், தீயணைக்கும் மருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

மூன்றாவதாகக் கோபம் வந்தது. அது வந்தால்தானே எனக்கு நாள் முடியும்? ஊரில் இருக்கிற டாக்டர்களுக்கெல்லாம் என் நைட்டியின் நிறம் தெரியும். எனக்கு மட்டும் விஷயம் தெரியாது.

அன்று மாலை இவர் வந்ததும் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "ஏங்க, உங்களுக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

தட்டையே பார்த்தார். "நாளைக்கு மீட்டிங் பத்து மணிக்கு" என்றார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. உன் துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டியா?"

அதற்கு மேல் நான் என்னத்தைக் கேட்க? 'உங்க விஷயம் எனக்குத் தெரியும்' என்று போட்டு உடைத்திருந்தால் மனுஷன் கூசிக் குறுகிப் போயிருப்பார். அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாம் விளம்பரம்தான் என்று அவரும் சொல்லியிருப்பார். அவராகவே சொல்ல வேண்டும். என்னிடம் சொல்ல வேண்டும். வீட்டில் இவருக்கு வாய் வரவில்லை, விற்கிற இடத்தில் மட்டும் வருகிறது. சரி, அப்படியென்றால் அங்கேயே போவோம் என்று படுத்தேன்.

மீட்டிங் ஒரு ஹோட்டல் ஹாலில். மேடைக்குப் பின்னால் அந்த ஏரிக்கரை முதுகுகள் இரண்டும் சுவர் உயரத்துக்கு நின்றன. ரெப்கள், மனைவிமார், சாப்பாட்டு வாசனை. டார்கெட்டு மைக்கைப் பிடித்து இவரை வானத்துக்கும் பூமிக்குமாகப் புகழ்ந்துவிட்டு, "இப்ப சார் டாக்டர் ரூம்ல எப்படிப் பேசுறார்னு அப்படியே செஞ்சு காட்டுவாரு. டாக்டரா நடிக்க யாராவது வாங்க" என்றார். மேடையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இவர் ஒன்றில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒருத்தரும் எழவில்லை.

நான் எழுந்தேன். "நான் டாக்டரா வர்றேன்" என்றேன். டார்கெட்டு, "மேடமே வர்றாங்க, கைதட்டுங்க" என்று கூவினார். இவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கலாமா என்று பார்க்கிற முகம்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "சொல்லுங்க. என்ன தொந்தரவு?"

"அந்த ரெண்டெழுத்து விஷயம்தான் டாக்டர்" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். நான் விடவில்லை. "யாருக்கு?"

"எனக்குத்தான் டாக்டர்."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷமா." ஹாலில் யாரோ "பிரமாதம்" என்றார்கள்.

"வீட்டுல சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்? ஊரெல்லாம் போய்ச் சொன்னீங்களாமே."

"ஊருல சொன்னா யாரும் நம்பல டாக்டர், அதனால சொல்ல முடிஞ்சுது. அவ நம்பிடுவா. இத்தனை வருஷமா இதையேதான் விக்கிறேன். எனக்கே வந்துடுச்சுன்னு அவகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"சிரிச்சுடுவாளோன்னு பயமா?"

"சிரிக்கிறவ இல்ல. கோபப்படுவா. நல்லாக் கோபப்படுவா."

ஹால் குலுங்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "அவ என்ன நெனைச்சுக்கிட்டு இருக்கான்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றார். இப்போது மைக்கையும் பார்க்கவில்லை, ஹாலையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "தன்மேல எனக்கு ஆசை போயிடுச்சுன்னு நெனைக்கிறா. கண்ணாடி முன்னாடி நின்னு கழுத்தைத் தடவிப் பாக்குறா. கதவுக்குப் பின்னாடி அழுறா. எனக்குக் கேக்குது. அவளைப் பாத்தா இன்னிக்கும் எனக்கு மனசு துள்ளுது டாக்டர். உடம்புதான் கேக்க மாட்டேங்குது. இப்ப வேற ஊருக்குப் போறேங்கறா. போகாதேன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எந்த உரிமையில சொல்றதுன்னு முழுங்கிட்டேன்."

கைதட்டல் பறந்தது. முன்வரிசையில் ஒரு ரெப்பின் மனைவி மூக்கைச் சிந்தினாள். டார்கெட்டு என் காதருகே வந்து, "அருமையா கேக்குறீங்க மேடம், முடிச்சிடுங்க" என்றார். முடிப்பதாவது.

"நாளைக்குக் காலையில வெறும் வயித்துல சர்க்கரை டாக்டர்கிட்ட போறீங்க" என்றேன். "டோக்கன் வாங்கிட்டு, நோயாளிங்களோட உக்காந்து. பையை வீட்டுல வெச்சுட்டு. இந்த டையையும்தான். கூட உங்க வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போங்க."

"அவ வருவாளா டாக்டர்?"

டிரைவிங் ஸ்கூலில் என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறவர்கள் கிடையாது. அன்று எனக்குக் குரல் வரவில்லை. மைக் இருந்ததால் பிழைத்தேன்.

"வருவா" என்றேன்.

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். டார்கெட்டு அந்தக் காட்சியை மறுபடி ஒரு தடவை செய்ய முடியுமா, வீடியோ சரியாக விழவில்லை என்றார். "ஒரு தடவைக்கே ஒரு வருஷம் ஆச்சு, போங்க சார்" என்று சொல்லிவிட்டு இவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக் கூட்டி வந்தேன். இவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் திட்டினேன். மனசு ஆறுகிறவரை திட்டினேன். இவர் எல்லாவற்றையும், சம்பளம் வாங்குகிறவர்போல், சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் கிளினிக்கில் ஏழாம் நம்பர் டோக்கன். பெஞ்சில் இவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். பை இல்லாமல் இவர் அங்கே உட்கார்ந்ததே இல்லை. மூலையில் நின்ற இரண்டு ரெப்கள் கிசுகிசுத்தார்கள். நான் அவர்களைப் பார்த்த பார்வையில் டாக்டருக்குக் காட்டுகிற தங்கள் மருந்துப் படப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

உள்ளே போனதும் டாக்டர் நிமிர்ந்தார். "என்ன சார், இன்னிக்கு டை இல்லாம, நோயாளிங்க நேரத்துல! உத்தி நாளுக்கு நாள் முன்னேறுதே. போதும் சார், இந்த மாசம் நிறைய எழுதிட்டேன்." அப்புறம்தான் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசைமேல் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டார். "அம்மா? நீங்க எங்க இங்க? கிளாஸ் சாயங்காலம்தானே?"

"இவர் என் வீட்டுக்காரர் டாக்டர்."

டாக்டர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சனிக்கிழமை போட்ட பிரேக் இப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனாலும் அரை மனசாக, "அப்ப அந்த... அது விளம்பரம்..." என்று இழுத்தார்.

இவர் பேச வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இவர் பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது ஊர் அறிந்த விஷயம். இதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. கதவு பாதி திறந்திருந்தது, வெளியே பெஞ்சு முழுக்க ஆட்கள். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

"விளம்பரம் இல்ல டாக்டர். ஒரு வருஷமா உண்மை" என்றேன். "சாட்சி நான்தான்."

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து இவர் தோளில் கை வைத்து, "மூணு தடவை வந்து சொன்னீங்க. மூணு தடவையும் சிரிச்சிருக்கேன். மன்னிச்சுடுங்க. முதல்லேருந்து சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றார். இவர் சொன்னார். இந்தத் தடவை நெளியவில்லை.

ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள், ஓட வைத்துப் பார்த்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று இருதய டாக்டரும் வந்து சொன்னபோது இவர் தன் அப்பா பெயரை முணுமுணுத்தார். சர்க்கரைதான் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்திருந்தது. சாப்பாடு, நடை, மருந்து என்று டாக்டர் எழுதத் தொடங்கினார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தபடி தலைகீழாக மருந்துச் சீட்டைப் படிப்பதில் ரெப்களுக்கு ஈடு கிடையாது. கடைசி வரியைப் படித்ததும் இவர் முகம் மாறியது.

"டாக்டர், அது போட்டிக் கம்பெனியோடது. எங்க மாத்திரை இன்னும் சீக்கிரமா வேலை..."

"வாயை மூடிட்டு வாங்கிக்கோங்க" என்றேன். வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து கிளினிக் படியில் நின்றபடியே முதலாளிக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை முடிய இன்னும் நேரம் இருந்தது. கிளைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மனுஷனுக்கு ஏமாற்றம். "நல்ல வாய்ப்பும்மா. அப்படி என்ன அவசரம்?" என்று கேட்டார்.

"வீட்டுல கொஞ்சம் வேலை இருக்குங்க" என்றேன். பக்கத்தில் நின்ற இவர் காது வரைக்கும் சிவந்துபோய், அந்தப் படியிலேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க, என் கறுத்த கையைப் பிடித்துக்கொண்டு, "போகாதே" என்றார்.